மணிக்கு மூன்று கிலோமீட்டர் ஓடிய கார்

சர்வீஸ் அட்வைசராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

உங்கள் மேனேஜர் என்னை நேரில் வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார். மேடையில் நிறுத்தினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தந்திருக்கிறேன். என் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னால் மெக்கானிக் மிக்கேல் விழுந்து விழுந்து சிரிப்பார். பாளை ரோட்டு ஒர்க்‌ஷாப் கவுண்டரில் இருந்த இத்தனை வருஷத்தில் அது ஒரு நாளும் ஒட்டியதில்லை. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

நம் வேலை என்ன? கார்க்காரர் சொல்வதைக் கேட்டு ஜாப் கார்டில் எழுதுவது. ஸ்பானர் பிடிக்கத் தெரியாவிட்டால் மன்னிப்பு உண்டு. கேட்கத் தெரியாவிட்டால் கிடையாது.

அதிலும் பெரிய செடான் வைத்திருப்பவர்கள் தனி ரகம். நம் ஊரில் யாரும் இன்ஜினைப் பார்த்துச் செடான் வாங்குவதில்லை, டிக்கியைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். உடன்குடிப் பக்கத்து வியாபாரி ஒருவர், "அண்ணாச்சி, ஏசி போட்டா எறும்பு வருது" என்று புகார் கொண்டுவந்தார். நானும் மூன்று முறை ஏசியைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தேன். நாலாவது முறை மிக்கேல் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். உருகி ஓடிய கருப்பட்டி ஒரு விரல் கனத்துக்கு உறைந்து கிடந்தது. சிப்பம் சிப்பமாகக் கருப்பட்டி ஏற்றுகிறவர் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பானெட்டைத் திறப்பதற்கு முன் ஆளிடம், 'இந்த வண்டி என்ன வேலை செய்யுது?' என்று கேளுங்கள். அந்தப் பாடம் எனக்கு அன்றே கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை என்பதற்குத்தான் இந்தக் கதை.

காயல்பட்டினத்தில் நூகு என்று ஒருவர். ஊர்ப் பேச்சில் 'நூகு காக்கா', அதாவது நூகு அண்ணன். துபாயில் வேலை. வருஷத்துக்கு நாற்பது நாள்தான் ஊரில் இருப்பார். ஆனால் வாங்கியது என்னவோ முழுநீள வெள்ளைச் செடான். அவர் இல்லாத நாட்களில் வீட்டுப் பெண்களை ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீடுகளுக்கும் அழைத்துப்போக அய்யாக்குட்டி என்று ஒரு டிரைவர். ஆறுமுகநேரிக்காரர். பேச்சு குறைவு, நடை நிதானம். வண்டியைத் தன் வீட்டுப் பசுவைப்போல் பார்த்துக்கொள்வார்.

ஒரு நாள் நூகு துபாயிலிருந்து போன் போட்டார்.

"சார், என் காரு பெட்ரோலக் குடிக்கிது. மாசத்துக்கு ரெண்டு தடவ டேங்க நெறைக்கிறான் டிரைவர். பில்லு போட்டோ எனக்கு வாட்ஸாப்புல வந்துருது. ஆனா கிலோமீட்டர் பாத்தா எரநூறு தாண்டல. எங்கேயோ ஒழுகுது. பாத்துச் சொல்லுங்க."

வண்டி வந்தது. டேங்க், பைப், இன்ஜெக்டர் எல்லாம் பார்த்தோம். ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. ஓட்டிப் பார்த்தால் மைலேஜும் சரியாகவே வந்தது. மிக்கேல் மட்டும் ஸ்பார்க் பிளக்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் திரேஸ்புரத்துக்காரர், கடற்கரை ஆட்களுக்கே உரிய பொறுமை.

"அண்ணாச்சி, பிளக்கெல்லாம் கரியா இருக்கு. ஆயிலும் கறுத்துக் கெடக்கு. ஓடின தூரத்துக்கு இது சாஸ்தி. என்னமோ இருக்கு, ரெண்டு நாள் வச்சிப் பாப்போம்."

அன்றைக்குச் சனிக்கிழமை. கவுண்டரில் பதினான்கு பேர் காத்திருந்தார்கள். நான் மிக்கேலைக் கையமர்த்திவிட்டு நூகுவுக்குப் போன் போட்டேன். இந்த இடத்தில் என் தொழில் வாழ்க்கையின் மிகச் சிறந்த வசனத்தைச் சொன்னேன்.

"சார், உங்க வண்டி பெட்ரோலக் குடிக்கல. வேற யாரோ குடிக்காங்க."

சுற்றி நின்ற பதினான்கு பேரும் சிரித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போனில் நூகு மட்டும் சிரிக்கவில்லை. "புரிஞ்சிது சார்" என்று வைத்துவிட்டார்.

மறு வாரம் அய்யாக்குட்டி கவுண்டருக்கு வந்தார். கார் இல்லாமல், பஸ்ஸில் வந்திருந்தார்.

"வாரும், உக்காரும்" என்றேன்.

"உக்கார வரல அண்ணாச்சி. வேற யாரோ குடிக்காவன்னு நீங்கதான் சொன்னியளாமே?"

நான் ஜாப் கார்டு புத்தகத்தைப் புரட்டினேன்.

"நான் இருவத்திரெண்டு வருசமா ஸ்டியரிங் புடிக்கேன். ஒரு சொட்டு எடுத்ததில்ல. போன்லயே கணக்கத் தீத்து அனுப்பிட்டாவ. இப்ப ஆத்தூர்ல ஒரு வீட்ல வேல கேட்டேன். அவிய நூகு காக்காட்டயே விசாரிச்சிருக்காவ. 'பெட்ரோல் குடிக்கவனா? வேண்டாம்'னுட்டாவ. நீங்க சொன்ன அதே வார்த்த."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அடுத்தவரைக் கெடுத்த நுணல். வெட்கமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன். ஆனாலும் கவுண்டர் புத்தி போகுமா?

"அப்ப பெட்ரோல் எங்கதான் போச்சு?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்."

"சொல்லும் அப்ப!"

"சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"அதச் சொன்னா வாக்கு எதுக்கு?"

வேலை போய், பெயரும் போன மனிதர் இப்படிச் சொன்னால் என்ன செய்வது! அவர் சுவரில் மாட்டியிருந்த விளம்பரத்தைக் காட்டினார். 'உங்கள் கார் எங்களோடு பேசும்' என்று நாங்கள்தான் எழுதி மாட்டியிருந்தோம்.

"அந்தக் காரு உங்களோட பேசும்லா? பேசச் சொல்லிக் கேளுங்க. அடுத்த மாசம் நூகு காக்கா லீவுல வாராவ. போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறாவளாம். அதுக்கு முன்ன கேளுங்க."

அவர் போன பிறகு மிக்கேல் என்னிடம் வந்தார். கரி பிடித்த பழைய பிளக் ஒன்றை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் ஒரு நாள், 'இலவசப் பரிசோதனை' என்று ஒரு பொய்யைப் பையில் போட்டுக்கொண்டு காயல்பட்டினம் போனேன். மத்தியானம் மூன்று மணி. நூகு வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தேன். உள்ளே கல்யாண வீடு போலப் பேச்சும் சிரிப்பும். அந்த ஊரில் வீடு பெண்ணுக்கு உரியது. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். மத்தியானச் சாப்பாடு முடிந்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள் பின்பக்க முடுக்கு வழியாக வந்து கூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் ஆண்பிள்ளைக்கு உள்ளே வேலை இல்லை.

திரைக்குப் பின்னாலிருந்து நூகுவின் மனைவி பேசினார்.

"காரு தெரு முனையில எங்க மனையில ஷெட்டுல நிக்கிது. உப்புக் காத்துல பேட்டரி போயிரும்னு தினம் பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணிப் போடச் சொல்லியிருக்காங்க அவங்க. எங்க வாப்பாதான் செய்றாங்க. மத்தியான லுஹர் தொழுதுட்டு, பத்து நிமிசம் ஸ்டார்ட் போட்டுட்டு, கடற்கரைக்குக் காத்து வாங்கப் போயிருவாங்க."

வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது. இந்த வெயிலில் கடற்கரையில் காற்று வாங்குகிற மனிதர் எப்பேர்ப்பட்டவர் என்று நினைத்துக்கொண்டே ஷெட்டுக்கு நடந்தேன்.

மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் திறப்பு. கார் மூக்கை வெளியே நீட்டி நின்றது. இன்ஜின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சைலன்சருக்கு நேராக, வெள்ளையடித்த சுவரில், தோசைக்கல் அளவுக்கு வட்டமாகக் கரி படிந்திருந்தது. ஒரு நாளில் படிகிற கரி இல்லை அது.

பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். டிரைவர் சீட் படுக்கையாகச் சாய்ந்திருந்தது. தொப்பி டேஷ்போர்டில். செருப்பு கார் கதவுக்கு வெளியே ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே நூகுவின் மாமனார், நெஞ்சில் கை கோத்து, வாய் பிளந்து, குறட்டை.

கண்ணாடியைத் தட்டினேன். பதறி எழுந்தவரின் முழங்கை ஹாரனில் பட்டு, தெருவே அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் நானும் பயந்து, அவரும் பயந்து, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து மூச்சு வாங்கினோம்.

கண்ணாடி இறங்கியது. குளுகுளு என்று காற்று என் முகத்தில் அடித்தது.

"பத்து நிமிசம் ஸ்டார்ட் போட வந்தேன்" என்றார்.

"எத்தன மணிக்கு வந்தீங்க?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம்.

"லுஹர் முடிஞ்சு ஒன்னரைக்கு."

பிறகு அவரே மனம் திறந்தார். முப்பது வருஷம் கொழும்பில் கடை வைத்திருந்தவர். இப்போது ஊரோடு இருக்கிறார்.

"லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் நடுவுல ரெண்டரை மணி நேரம் இருக்கு தம்பி. வீடு பெண்டுகள்ட்ட. பள்ளிவாசல்ல படுத்தா பாங்கு சொல்ற மோதினார் மொறைக்கிறாரு. கடற்கரையில கால் வச்சா கொப்புளம். அந்த ரெண்டரை மணி நேரம் ஒரு ஆம்பள எங்கன போவான்? மாப்பிள்ளை டிரைவர்ட்டதான் பத்து நிமிசம்னு சொன்னாரு, நான் பாத்துக்கிறேன்னு சாவிய வாங்கிக்கிட்டேன். மொத நாள் பத்து நிமிசந்தான். மறுநா இருவது. அப்புறம் கண்ணு அசந்துருச்சு."

அப்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பெட்ரோல் தீரப் போகிறது.

"பாருங்க, இது வேற. அய்யாக்குட்டி இருந்தா பாத்துப் போட்ருவான். சொல்லாமக் கொள்ளாம வேலைய விட்டுட்டுப் போயிட்டான்னு மக சொன்னா. எனக்கு ரொம்ப வருத்தம் தம்பி. தங்கமான ஆளு. என்னைய ஒரு நா இங்கன பாத்துட்டான். 'மாப்பிள்ளைக்குச் சொல்லிராத'ன்னு கையப் புடிச்சேன். இன்னைக்கு வரைக்கும் வாயத் தெறக்கல."

அவருக்கு விஷயமே தெரியாது! சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்களும் சொல்லிராதீங்க. இந்த ஊருல மாமனாரு மாப்பிள்ளைக்குக் குடுத்துத்தான் பழக்கம். மாப்பிள்ளை பெட்ரோல்ல மாமனாரு தூங்குறாருன்னு வெளிய போச்சுன்னா, நான் பள்ளியில எந்த வரிசையில போய் நிப்பேன்?"

எத்தனையோ வாய்ச்சவடால் அடித்த நான், வாய் திறக்க வேண்டிய அந்த இடத்தில், "சரி ஹாஜியார்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இரண்டுக்கும் நடுவில் நான். (ஒரு வேலை விஷயம்: அந்த ஷெட்டில் கடற்காற்று ஒருபக்கமாகப் புகுந்து புகையை அள்ளிக்கொண்டு போகும். மூடிய இடத்தில் இப்படி இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினால் எழுந்திருக்க மாட்டார்கள். வருகிறவர்களிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். அவரிடமும் சொல்லித்தான் வந்தேன்.)

வழி நெடுக யோசித்தேன். மாமனார் பெயரும் கெடக்கூடாது, டிரைவர் பெயரும் மீள வேண்டும். ஆத்தூர்ப் பாலம் தாண்டும்போது ஒரு யோசனை வந்தது. அப்போது அது பிரமாதமான யோசனையாக இருந்தது.

நூகு லீவில் வந்தார். வந்த மூன்றாம் நாளே காரை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார். 'சும்மா வெளியே போய் வருவோம் மாமா' என்று மாமனாரையும் அழைத்து வந்திருந்தார். பெரியவர் கண்ணாடி அறையில் ஏசிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். இடம் தேர்ந்தெடுப்பதில் கெட்டிக்காரர்.

"சார், அன்னைக்குப் போன்ல சொன்னத ஒரு லெட்டராக் குடுங்க. ஸ்டேஷன்ல குடுக்கணும்" என்றார் நூகு.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என் யோசனையை எடுத்துவிட்டேன்.

"அது வந்து சார்... மறுபடி பாத்தோம். பெட்ரோல் மீட்டர்ல ஒரு சென்சார் கோளாறு. டேங்க் காலின்னு பொய்யாக் காட்டியிருக்கு."

பின்னால் மிக்கேல் இருமினார். அது சளி இருமல் இல்லை.

நூகு என்னையே பார்த்தார். "மீட்டர் பொய் சொல்லலாம். பங்க்ல போட்ட பெட்ரோல் நெசந்தான? ஏற்கெனவே நெறஞ்ச டேங்குல நாப்பது லிட்டர் எப்படிப் போவும்?"

பிரமாதமான யோசனை அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. ஒருபக்கம் நான் கொடுத்த வாக்கு. இன்னொருபக்கம் ஸ்டேஷனுக்குப் போகப் போகிற கடிதம். அதில் என் கையெழுத்து.

தம்பிகளே, தங்கச்சிகளே, அந்த நேரத்தில் எனக்கு எந்தச் சாமர்த்தியமும் வரவில்லை. அதனால்தான் உண்மை வந்தது.

"சார், லெட்டர் தர மாட்டேன். அன்னைக்கு நான் சொன்னது தப்பு. பாக்காம, நாலு பேரு சிரிக்கணும்னு சொன்னேன். அய்யாக்குட்டி ஒரு சொட்டு எடுக்கல. வாங்க, காட்டுதேன்."

அவரைக் காருக்குள் உட்காரவைத்தேன். மீட்டருக்கு நடுவில் உள்ள சின்னத் திரையில், நீங்கள் யாரும் பார்க்காத ஒரு எண் இருக்கும். சராசரி வேகம். ஓடின தூரத்தை, இன்ஜின் ஓடின நேரத்தால் வகுத்துக் காட்டுவது. பொத்தானை அமுக்கினேன்.

மணிக்கு மூன்று கிலோமீட்டர்.

"இதென்ன? திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போறவுங்க இதவிட வேகமாப் போவாங்களே" என்றார் நூகு.

"வண்டி நின்ன எடத்துலயே ஓடியிருக்கு சார். பிளக்குல கரி, ஆயில் கறுப்பு, எல்லாம் அதுதான். மிக்கேல் அன்னைக்கே சொன்னாரு. நான் கேக்கல. தினம் ஸ்டார்ட் பண்ணிப் போடச் சொன்னது நீங்கதான?"

"பத்து நிமிசந்தான சொன்னேன்! யாரு இவ்வளவு நேரம் ஓடவிட்டது?"

"அது என் ஜாப் கார்டுல வராது சார்."

மாமனார் எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மாப்பிள்ளை, ஸ்டேஷனுக்குன்னு சொன்னீங்க. யார் மேல?"

"அய்யாக்குட்டி மேல மாமா. பெட்ரோல் திருடுறான்னுதான நிப்பாட்டினேன்."

"அவனத் திருடன்னா சொன்னீங்க? அவனாப் போயிட்டான்னுல்ல மக எங்கிட்ட சொன்னா!"

ஒர்க்‌ஷாப்பில் காற்றடிக்கும் மெஷினைக்கூட யாரோ நிறுத்திவிட்டார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நான்தான் மாப்பிள்ளை. ஏழு மாசமா உங்க காருல ஏசி போட்டுத் தூங்குறேன். ரெண்டரை மணி நேரம். தினம். அவனுக்குத் தெரியும். என் மானத்துக்காக அவன் மானத்த விட்டுட்டான்."

பதினைந்து இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நூகு தலையைக் குனிந்தபடி ஸ்டியரிங்கையே பார்த்தார். நான் கடைசியில் ஒரு குடும்பத்தையும் உடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"மாமா, ஏசி எத்தனையில வைப்பீங்க?"

"பதினெட்டு."

"இருவத்திநாலுல வைங்க. பெட்ரோல் கொறயும்."

பெரியவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "வீட்ல ஏசி இல்லையா மாமா?" என்று கேட்டார் நூகு. "ஏசி இருக்கு. எடம் இல்ல" என்றார் அவர். அந்த லீவு முடிவதற்குள் கார் ஷெட்டை ஒட்டியே ஒரு சின்ன அறை எழும்பியது. அதில் ஒரு கட்டில், ஒரு ஏசி. பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லை.

ஆனால் அய்யாக்குட்டி திரும்பிவரவில்லை. நூகு போன் போட்டு மன்னிப்புக் கேட்டதற்கு, "போன்ல போன பேரு போன்ல வராது காக்கா. சொன்ன வாய் ஸ்டாண்டுல வந்து சொல்லணும்" என்றாராம். அந்த வாய் என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறுமுகநேரி கார் ஸ்டாண்டுக்குப் போனேன். எட்டு டிரைவர்களும் டீக்கடைக் கூட்டமும் வட்டம் கட்டி நின்றார்கள். அய்யாக்குட்டி கையைக் கட்டி நின்றார். சொன்னேன். "இவர் திருடல. நான்தான் வாய்த் துடுக்குல சொன்னேன்."

"சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி, பின்னால நிக்கவனுக்குக் கேக்கல" என்றது ஒரு குரல். மறுபடி சொன்னேன். கவுண்டரில் பதினான்கு பேர் சிரித்ததற்கு வட்டியும் முதலுமாக அன்றைக்கு முப்பது பேர் சிரித்தார்கள்.

"இத எழுத்துல குடுங்க" என்றார் அய்யாக்குட்டி.

என் பையில் ஜாப் கார்டு புத்தகமும் சீலும்தான் இருந்தன. ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். புகார்: பெட்ரோல் காணவில்லை. பரிசோதனையில் கண்டது: வண்டியில் கோளாறு இல்லை. டிரைவரிடம் கோளாறு இல்லை. சர்வீஸ் அட்வைசரின் வாய் லூஸ். செய்த வேலை: முறுக்கப்பட்டது. கீழே கையெழுத்துப் போட்டு, ஒர்க்‌ஷாப் சீலும் குத்திக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார்.

இப்போது அந்த வெள்ளைச் செடான் உங்களிடம்தான் சர்வீஸுக்கு வருகிறது. வந்தால் அடையாளம் தெரியும். நான் ஓய்வு பெறும் நாள் வரை ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நடந்தது. அய்யாக்குட்டி சாவியைத் தருவதற்கு முன் டேஷ்போர்டு அறையைத் திறப்பார். பிளாஸ்டிக் உறை போட்ட அந்த ஜாப் கார்டை எடுத்து என் முன்னால் வைப்பார்.

"அண்ணாச்சி, மொதல்ல இத வாசிங்க. பொறவு வண்டியப் பாக்கலாம்."

உங்களிடமும் காட்டுவார். வாசித்துவிட்டுச் சாவியை வாங்குங்கள்.